எட்டாவது தடம்

வியாழன் கடைசி வகுப்பு,
விருப்பப் பாடம், இரண்டு கிரெடிட்.
‘விளையாட்டும் சமூக நீதியும்’ என்று
அட்டவணையில் இருந்தது.
சும்மா பந்து தட்டிவிட்டுப் போகலாம் என்று
சேர்ந்தவர்களில் நானும் ஒருவன்.

அரூர்க் கல்லூரி மைதானம்.
செம்மண், சரளை,
கோல் கம்பத்துக்குப் பின்னால் யாருடையவோ ஆறு ஆடுகள்.
நஸ்ரீன் மேடம் சுண்ணாம்பு வாளியோடு குனிந்து குனிந்து
எட்டுத் தடம் போட்டிருந்தார்.
சீட்டு எடுத்தோம். எனக்கு முதல் தடம்.
அனுசியாவுக்கு எட்டு.

கோட்டில் கைவைத்துத் தலையைத் தூக்கினால்
வளைவில், வெகு முன்னால்,
அவள் முதுகு.
‘என்ன மேடம், பாதி தூரம் போயே நிக்கிறா’ என்றேன்.
‘இங்கேயும் கோட்டாவாடா’ என்றான் பின்னாலிருந்து ஒருவன்.
சிரித்தோம்.
நான்தான் கொஞ்சம் சத்தமாக.

மேடம் விசில் ஊதவில்லை.
முப்பது மீட்டர் டேப்பை என் கையில் திணித்தார்.
‘எல்லாருக்கும் ஒரே கோடுதானே வேணும்?
உன் கோட்டுலருந்தே அவ தடத்த ஒரு சுத்து அளந்துட்டு வா.’
டேப்பின் மறுமுனையை அனுசியா பிடித்தாள்.

வளைவில் டேப் சொன்னபடி கேட்காது.
குந்தி உட்கார்ந்து, கல் கல்லாக வைத்து,
விரலால் அழுத்தி அழுத்தி வளைக்க வேண்டும்.
எண்ணிக்கை தவறி
மறுபடியும் முதலிலிருந்து.
வெயில். நெருஞ்சி. அவள் ஒன்றும் பேசவில்லை.
பதினைந்து முறை நீட்டிய பிறகும்
மூன்று மீட்டர் மிச்சமிருந்தது,
அதற்கு மேல் இரண்டு விரல்.

என் வட்டம் நானூறு.
அவளுடையது நானூற்று ஐம்பத்து மூன்று.
முன்னால் நின்றவள்
முன்னால் நிற்கவில்லை.

டேப்பைச் சுருட்டும்போதுதான் வாய் திறந்தாள்:
‘சுண்ணாம்பு போட்ட எடம் வரைக்குந்தான்
இது அளக்கும், இல்ல?’
சித்தேரி மலையில் எத்தனையாவது வளைவில் அவள் வீடு என்று
அதுவரை நான் கேட்டதில்லை.
அன்றும் கேட்கவில்லை.

பிறகு ஓடினோம். நான் நான்காவது, அவள் ஐந்தாவது.
அதில் சொல்ல ஒன்றுமில்லை.

செமஸ்டரில் அதே கேள்வி வந்தது.
படம் வரைந்து விளக்குக, பத்து மதிப்பெண்.
காம்பஸ் வைத்து வட்டம் வட்டமாகப் போட்டு
தசமப் புள்ளி தவறாமல் எழுதினேன்.
ஒன்பதரை.

மார்க் போட்டு ஒட்டிய சாயங்காலம்
உரக்கடை மூட்டை ஏற்றும் அப்பாவின் பைக்கில்
வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன்.
பையை மார்போடு அணைத்தபடி
பஸ் ஸ்டாண்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள்,
மலைக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்கு.
ஆரன் அடித்து முந்தினேன்.
கண்ணாடியில் அவள் சிறுத்துக்கொண்டே வந்தாள்.
அந்த அரை மார்க்
எங்கே போயிற்று என்று
யோசித்துக்கொண்டிருந்தேன்.