உறவுமுறை

களியக்காவிளை சந்தைக்குப் பின்னால்
எனக்கொரு ஜெராக்ஸ் கடை.
பக்கம் இரண்டு ரூபாய்,
படிவம் நிரப்ப இருபது.
கையெழுத்து மணிமணியாக இருக்கும் என்று
பாறசாலையிலிருந்தும் வருவார்கள்.
தகப்பன் பெயர், கணவன் பெயர், காப்பாளர் பெயர்.
எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேன்,
எனக்கென்று கட்டம் இல்லாத தாள்களில்.

ஷைனி வாழைக்குலை ஏற்றுகிறவள்.
மட்டி, செவ்வாழை, ரசகதலி.
நீலநிறக் குட்டியானையில்
விடியுமுன் எல்லை தாண்டி
பத்து மணிச் சாயாவுக்குத் திரும்பிவிடுவாள்.
பதினோரு வருடம், ஒரே அடுப்பு.
வீட்டுக்காரரிடம் 'அக்கா தங்கச்சி' என்றோம்.
அவர் நம்பவில்லை.
வாடகையை மட்டும் ஏற்றினார்.

ஆடி மழையில், அமரவிளைப் பாலத்தருகே,
வண்டி கவிழ்ந்தது.
குலைகள் ரோடெங்கும்.
அவள் இடது தொடை இரண்டாக.
நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில்
நர்ஸ் நீட்டிய தாளில் மலையாளத்தில் ஒரு வரி:
ரோகியோடுள்ள பந்தம்.

அங்கே உறவுக்குப் பந்தம் என்று பெயர்.
எங்கள் பக்கம் பந்தம் என்றால்
கொளுத்திக் கையில் பிடிப்பதும்தான்.
பிடித்துக்கொண்டு நின்றேன்.
'சேச்சியா?'
இல்லை.
'அனியத்தி?'
இல்லை.
'பின்னே ஆரா?'

ஊருக்கே படிவம் நிரப்பியவளுக்குப்
பேனா ஓடவில்லை.

நான்கு மணி நேரம் அந்தத் தொடை காத்திருந்தது.
குலசேகரத்திலிருந்து அண்ணன் வந்தான்,
அவளை அடித்து வீட்டைவிட்டு இறக்கியவன்.
சகோதரன் என்று எழுதினான்.
பென்சிலின் அவளுக்கு ஆகாது என்பது
அவனுக்குத் தெரியாது.
வாசலில் டீ குடித்துவிட்டு பஸ் ஏறினான்.

அடுத்த திங்கட்கிழமை
நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில்
உதவித்தொகைக்கும் பட்டா மாறுதலுக்கும் நடுவே
வரிசையில் நின்றேன்.
மனுவில் இருந்தது இவ்வளவுதான்:

மாநில அரசு அச்சிடும் ஒவ்வொரு தாளிலும்
உறவுமுறை என்ற இடத்தில்
இணையர் என்ற சொல்லைச் சேர்க்க வேண்டுகிறேன்.
கல்யாணச் சட்டம் டெல்லியில் இருக்கிறது என்பீர்கள்.
சரி.
இந்த ஆஸ்பத்திரி உங்களுடையது.
ரேஷன் கடை உங்களுடையது.
போலீஸ் ஸ்டேஷன், சுடுகாட்டு ரசீது
உங்களுடையவை.
அச்சகமும் உங்களுடையது.
மைச் செலவை நான் தருகிறேன்.

(கடைசி வரியை அடித்துவிட்டேன்.
மனுவில் குறும்பு கூடாது.)

'எந்தத் துறைக்கு அனுப்ப? சமூகநலமா, வருவாயா?'
எல்லாத் துறையிலும்தான் சார் வாழ்கிறோம்.
எழுத்தர் சிரிக்கவில்லை.
முத்திரையை வாயால் ஊதிவிட்டுக் குத்தினார்.
பக்கத்து நாற்காலிப் பெண் மட்டும்
குனிந்தபடி சொன்னாள்:
'நகல் இருந்தா ஒண்ணு தாங்க.'
என்னிடமா நகல் இல்லை?

திருவனந்தபுரத்துக்கு இன்னொரு மனு, மலையாளத்தில்.
கட்டிலில் கால் தூக்கிக் கட்டிக் கிடந்தவள்
வாசிக்கக் கேட்டு முறைத்தாள்.
அபேக்ஷிக்குந்நு என்பதை அடிக்கச் சொல்லி
ஆவஸ்யப்படுந்நு என்று போடச் சொன்னாள்.
'நாம என்ன கடனா கேக்கோம்?'

சோதனைச் சாவடியில்
கோழிக்குக்கூடச் சீட்டு உண்டு.
பறவைக் காய்ச்சல் என்றால்
லாரிச் சக்கரத்துக்கு மருந்தடிப்பார்கள்.
எங்களை யாரும் நிறுத்துவதில்லை.
நிறுத்திக் கேட்க
எந்த அரசிடமும் தாள் இல்லை.

மனுக்கள் பதினேழு ஆயிற்று.
'பரிசீலனையில் உள்ளது' என்று ஒன்பது பதில்.
'எனக்க வண்டி டயரும் அத்தர மாத்தியாச்சு'
என்கிறாள் ஷைனி.
தொடையில் தகடு.
கிளட்ச் மிதிக்கையில் முகம் சுளிப்பாள்,
நான் பார்க்காதபோது.

நேற்று மார்த்தாண்டத்திலிருந்து இரண்டு பையன்கள்.
காப்பீட்டு அட்டைக்கான படிவம்.
பெயர், வயது, முகவரி எல்லாம் சொன்னார்கள்.
அந்தக் கட்டம் வந்ததும் இருவரும்
ரோட்டைப் பார்த்தார்கள்.
ஏதோ லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது.

எழுதிவிட்டுத் தாளைத் திருப்பி வைத்தேன்.
குள்ளமானவன் எழுத்துக் கூட்டி வாசித்தான்.
'இப்பிடி எழுதலாமாக்கா?'

திருப்பி அனுப்பினா கொண்டு வா,
மறுபடி எழுதித் தாரேன்.
இருபது ரூவா வேண்டாம்.