பதினேழாம் வரிசை

பின்னல் ஊசியை விடக் கொஞ்சம் நீளமான கம்பி.
குலை தொங்கும் உயரத்தில்
இலைச்சுவருக்குள் தெல்மிரா அதைச் செலுத்துகிறாள்.
நுனி எதைத் தொடுகிறதோ அதை அவள் சொல்ல வேண்டும்,
நான் எழுத வேண்டும்.

இலை.
குலை.
இலை.
வெளி.

அது பதினாறாம் வரிசை.
வாய்க்காலைத் தாண்டி அடுத்ததற்கு வந்தோம்.

இலை. இலை. இலை.
இலை, மஞ்சள்.
இலை.
இலை.

பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தேன்.
வேறு எதுவும் வரவில்லை.

போன நவம்பரில் இதே இடத்தில்தான் சண்டை.
கொடிக்கு இத்தனை பெசோ என்று பேச்சு.
ஒவீதியோ வரிசை வரிசையாக நடந்து
பட்டுப்போன கொடிகளை எண்ணிக் கழித்தார்.
"செத்ததைக் கடக்கவும் கால் வேண்டுமே" என்றாள் தெல்மிரா.
கையிலிருந்த இலைகளை அங்கேயே உதறிவிட்டு
பதினாறின் கடைசிக் கம்பத்திலிருந்து நேராக
துனுயானுக்குப் பேருந்து ஏறிவிட்டாள்.
கணக்கு எழுதுகிறவள் நான்.
கழித்ததும் என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

பதினேழை யாரும் தொடவில்லை.
மழிக்காத முகம் போல வளர்ந்தது.
உள்ளே ஒரு குருவி கூடு கட்டியது.
கோடை முழுக்கப் பச்சை, பார்க்கக் குளிர்ச்சி.
மார்ச்சில் அறுத்தால், குலைக்குக் குறைவே இல்லை!
நிறம் கொஞ்சம் வெளிறல்தான்.
ஆலைக்காரன் முகம் சுளித்தான், தராசு சுளிக்கவில்லை.
ஒவீதியோ பெட்டிகளைத் தட்டித் தட்டிச் சிரித்தார்:
"இலை கிள்ளாமலே இவ்வளவு.
எத்தனை வருஷம் தண்டக்கூலி கொடுத்திருக்கிறேன்."

எனக்கும் அப்போது தெரியாது,
அந்தப் பெட்டிகள்
அதற்கு முந்தின வெயிலின் சம்பளம் என்று.

கொடியின் வழக்கம் அப்படி.
இந்தக் கோடையில், காம்பின் இடுக்கில்,
எள்ளளவு மொட்டுக்குள்
அடுத்த கோடையின் குலை முடிவாகிவிடுகிறது.
அந்தச் சில வாரம் வெளிச்சம் பட்டால் குலை.
படாவிட்டால் பற்றுச்சுருள்;
எதையாவது பிடித்துக்கொண்டு
சும்மா தொங்கும் பச்சை நூல்.

வெயில் பரிமாறும் பந்தியில்
முதல் இலை நூற்றில் தொண்ணூறைத் தின்றுவிடுகிறது.
இரண்டாவதற்கு வழித்த சட்டி.
மூன்றாவதற்கு
இலை மட்டும் போட்டிருக்கிறது.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது
நடந்து போகிறவர்களின் பேச்சு.
மொட்டைக் கேட்டால் மாற்றிச் சொல்லும்.
பதில் வர ஒரு வருஷம் ஆகும்.

ஒவீதியோ வந்தார்.
நூற்றுப் பன்னிரண்டு தளிர், இருபத்தொன்பது குலை
என்று படித்துக் காட்டினேன்.
ஒன்றும் பேசாமல் தொப்பியைக் கம்பத்தில் மாட்டினார்,
இரண்டு கையாலும் இலையைப் பிய்க்கத் தொடங்கினார்,
மலைப்பக்கமாக.

தெல்மிரா மணிக்கட்டைப் பிடித்தாள்.
"அந்தப் பக்கம் வேண்டாம்.
பனி அங்கே தெரிகிறதே என்று நம்பாதீர்கள்.
மூன்று மணி வெயில் மிச்சமிருக்கும் குலையையும்
கொடியிலேயே உலர்த்திவிடும்.
கிழக்கே வாருங்கள். காலை வெயில் சமைக்காது."

"கிள்ளினால் இந்த வருஷம் வருமா?"

"வராது."

"பிறகு எதற்குக் கூலி?"

அவள் பதில் சொல்லவில்லை.
முழங்காலிட்டு, தளிரின் அடியில்
நாலாவது கணு வரை விரலை ஓட்டி
ஒவ்வொன்றாகக் கிள்ளினாள்.
அவரும் பக்கத்தில் குனிந்தார்,
பெரிய விரல்கள், தப்பும் தவறுமாக.

நான் மேற்குப் பக்கம் நின்று
போன வருஷப் பக்கத்தைத் தேடினேன்.
பட்டுப்போனவை: பதினொன்று.
அதன் மேல் ஒரு கோடு இழுத்தேன்.
ஒவீதியோ இலையிடுக்கு வழியாகப் பார்த்தார்.
பார்க்காதவர் போல் இன்னும் இரண்டு இலை கிள்ளினார்.

போதும், என்றாள் தெல்மிரா. கம்பியை எடுத்தாள்.

இலை.
வெளி.
வெளி.
உன் சட்டை, என்றாள்.

அதையும் எழுதிக்கொண்டேன்.