ஈரத்தோடு எடை

நாடுகளின் பெயரைச் சொல்லக்கூடாது,
ஒப்பந்தத்தில் இருக்கிறது.
ஆகவே ஒன்று நீலம்,
மற்றது செம்மஞ்சள்.

சுங்க அட்டவணையில் ஐம்பத்து மூன்றாம் அத்தியாயம்.
பக்கத்தில் பருத்திக்குத் தனி வீடு.
இங்கே சணல், ஆளி, கற்றாழை, தேங்காய் நார் எல்லாம்
ஒண்டுக் குடித்தனம்.
இருபத்தாறு வருஷம்
இந்த இரண்டு நாடும் எவ்வளவு வாங்கின என்று
கோடு போட வேண்டும்,
வெள்ளிக்கிழமைக்குள்.

லிங்கிச் செட்டித் தெரு, மூன்றாம் மாடி.
ஏ.சி. மெக்கானிக் சொன்ன ‘நாளைக்கு’
இன்றோடு நாலாவது.

நீலத்துக்கு ஆண்டு ஜனவரியில் பிறக்கும்.
செம்மஞ்சளுக்கு ஏப்ரலில்.
நடுவே மூன்று மாதம்
யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல்
என் மேசையில் உட்கார்ந்திருக்கிறது.
நீலம் டன்னில் பேசும்.
செம்மஞ்சள் காசென்றால்தான் வாய் திறக்கும்.
ஒரு வருஷம் இரண்டுமே பேசவில்லை,
கட்டத்துக்குள் சின்னதாய் ஒரு கீறல்.
பூஜ்யமா, போடவில்லையா?
“பூஜ்யம்னா எழுதியிருப்பான்” என்றாள் ஹெப்சிபா.
“எழுத ஆள் இல்லாத வருஷமா இருக்கும்.”

நீலம் இறங்குகிறது,
முட்டிவலிக்காரர் மாடிப்படி இறங்குவதுபோல
படிக்குப் படி நின்று.
செம்மஞ்சள் பத்து வருஷம் தரையில் படுத்துக் கிடந்துவிட்டு
கிளம்பிவிட்ட மின்சார ரயிலில் தொற்றுகிறவன் மாதிரி
ஒரே தாவல்.
பதினேழாம் வருஷத்தில் இரண்டும் உரசிக்கொள்கின்றன.

“அங்க ஒரு அம்புக்குறி போடும்மா,
ஏன்னு ஒரு வரி எழுது” என்கிறார் கோதண்டபாணி சார்.

ஏன் என்று எனக்கெப்படித் தெரியும்?
அங்கே யாரோ மெத்தையை மாற்றியிருப்பார்கள்.
யாரோ தக்காளிச் செடிக்கு மண் வேண்டாமென்று
நார்த்தூள் தேடியிருப்பார்கள்.
மூட்டை தைத்த ஒருத்தி
ஊசியை எங்கே வைத்தோம் என்று மறந்திருப்பாள்.
அம்புக்குறியை மட்டும் போட்டேன்.

அப்புறம்தான் அந்தச் சந்தேகம்.
நம் துறைமுகத்தில் ஏறிய தேங்காய் நாரைத் தனியே எடுத்து
அவர்கள் இறக்கிய கணக்கோடு வைத்துப் பார்த்தால்
நூற்றுக்கு நாலு குறைகிறது.
நீலத்திலும். செம்மஞ்சளிலும்.
எல்லா வருஷமும்.
திருட்டு இவ்வளவு ஒழுங்காக நடக்காது.

மணலி கிடங்குக்குப் போன் போட்டேன்.
சதக்கத்துல்லா சிரித்தார்.
“அது தண்ணி, மேடம்.
நார் குடிக்கும். ஐப்பசியில எடை போட்டுப் பாருங்க,
மழையே வேணாம், காத்தே போதும்.
அங்க போனா காஞ்சிடும்.”

ஆக,
பிசுபிசுக்கும் எங்கள் பிற்பகலை,
பெய்யாமல் ஏமாற்றிய மேகத்தை,
துறைமுகச் சுவரில் வழியும் உப்பு வேர்வையை
இரண்டு நாடுகள் கப்பல் கூலி கொடுத்து வாங்கி,
எதற்கென்றே தெரியாமல்
தங்கள் வறண்ட கிடங்குகளில் திறந்துவிட்டிருக்கின்றன.
அதற்கு அத்தியாய எண் கிடையாது.

அடிக்குறிப்பில் எழுதினேன்:
எடைகள் ஈரத்தோடு.
சார் அதை அடித்துவிட்டு
‘மூலம்: அரசுப் புள்ளிவிவரம்’ என்று போட்டார்.
அதுவும் சரிதான்.

கடற்கரை ஸ்டேஷன்.
வாரி முடித்த தலை
மறுபடி உப்பி நிற்கிறது.
முதல் நடைமேடையில் இன்னும் இருக்கிறது
அந்த எடை மெஷின்.
ஏறினேன், காசு போட்டேன்.
சிவப்பு, பச்சை, மஞ்சள், எல்லா விளக்கும் சுற்றின.
அட்டை வரவில்லை.