வெறும் வண்டி எடை

ஸ்கூட்டியைத் தெருமுனையிலேயே
விட்டுவிட்டு வரச் சொன்னாள் கஸ்தூரி.
போன மாதம் நாலாம் வீட்டு வாசலில்
அது ஒன்பது நாள் நின்றது.
பத்தாம் நாள் அங்கே பந்தல்.

கொடிக்கம்பத்து அருகில் பூட்டிவிட்டு
அடையாள அட்டையையும் திருப்பிக்கொண்டேன்,
'இறுதிக்காலத் துணை' என்ற எழுத்து
என் நெஞ்சைப் பார்க்கும்படி.

ராணிப்பேட்டை சிப்காட் எடைமேடையில்
இருபத்தாறு வருஷம் ரசீது கிழித்தவர் தணிகாசலம்.
தலைகீழ் எண்ணையும் படித்துவிடுவார்.
"திருப்பாதம்மா, தெரியும்.
எத்தினி நாளு கீது, அத சொல்லு."

இந்த ஒரு கேள்விக்குப் பயிற்சியில்
முழு மத்தியானம் ஒதுக்கியிருந்தார்கள்.
எண் சொல்லாதே. வெறும் தைரியமும் சொல்லாதே.
"எதுக்குக் கேக்கறீங்க?" என்றேன்.

"தயாளன் ஓசூர்லேந்து லீவு போடணும்.
முன்னாடியே வந்தா லீவு தீந்துடும்.
லேட்டா வந்தா நான் தீந்துடுவேன்."

சிரித்துவிட்டேன்.
அதற்குப் பயிற்சியில் தடை இல்லை.

வலிமருந்தோடு நர்ஸ் வருவது செவ்வாய்க்கிழமை.
என் பையில் பஞ்சு, நகவெட்டி, வேசலின்.
ஊசி இல்லை என்பதில்
எட்டிப்பார்த்தவர்களுக்கெல்லாம் ஏமாற்றம்.

மூச்சு நின்று நின்று வரும், பதறாதீர்கள் என்றேன்.
வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும்,
உதட்டை நனைத்தால் போதும் என்றேன்.
"தண்ணி குடுக்காமயே கொன்னுட்டான்னு
என்னத்தான சொல்லுவாங்க" என்றாள் கஸ்தூரி.
நாத்தனாருக்கு மூன்று முறை விளக்கினேன்.
நாலாம் முறை கேட்டபோது
கஸ்தூரியே எடுத்துச் சொன்னாள்.

இரவு இரண்டு மணி. கரண்ட் இல்லை.
சணல் விசிறியும் என் கையும்.
"வெறும் வண்டிய மொதல்ல ஏத்தணும்.
அப்புறம் சரக்கோட. கழிச்சா சரக்கு.
ஒருக்கா, முந்நூறு ரூபா வாங்கினு
நானூறு கிலோ தோலைக் கொறச்சு எழுதினேன்.
திருடுனான்னு லோடுமேனை நிறுத்திட்டாங்க.
மேல்விஷாரம். அன்வர்னு பேரு."

விசிறி நின்றிருந்ததை
அவர் சொல்லித்தான் கவனித்தேன்.

அன்வர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாம்.
ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மகள் ஜுலைகா
மூன்று நாள் யோசித்தாள்.
வெள்ளிக்கிழமை கடையடைத்துவிட்டு வந்தாள்.
அவர் சொன்னதையெல்லாம் நின்றுகொண்டே கேட்டாள்.
"அத்தா அப்புறம் ஆட்டோ ஓட்டினார்.
அதுதான் அவருக்குப் புடிச்சது" என்றாள்.
உண்மையா என்று நான் கேட்கவில்லை.
அவரும் கேட்கவில்லை.
போகும்போது மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்தவள்,
எழுத்தைப் பெரிதாக்கி மூன்று பிரதி எடுத்து
மறுநாள் கொடுத்தனுப்பினாள்.

அதில் ஒன்றின் பின்பக்கத்தில்தான்
தெருவின் இராமுறை எழுதப்பட்டது.
திங்கள், பால் சொசைட்டி குமுதவல்லி.
செவ்வாய், மாடி வீட்டு டிரைவர்.
புதன், யாரும் எதிர்பாராத நாத்தனார்.
என் பெயருக்கு ஞாயிறு மட்டும்.
எனக்கும் இரண்டு பிள்ளைகள், தூக்கம் வேண்டும்.

"வெயில்ல சீட்டு வெடிச்சுடப் போவுது,
வண்டிய வாசல்ல வுடு" என்றாள் கஸ்தூரி
ஒரு ஞாயிறு காலை.
எதிர்வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

தயாளன் வந்த மூன்றாம் நாள், விடியலுக்கு முன்,
மூச்சு நின்று, வந்து, நின்று,
நாங்கள் காத்திருந்தோம்.
லீவில் இரண்டு நாள் மிச்சம்.
நான் கையை விடச் சொல்லும்வரை
தயாளன் அப்பா கையை விடவில்லை;
சொல்ல எனக்கும் அவசரமில்லை.

நான் நிரப்ப ஒரு படிவம் உண்டு.
முதல் நாள் எடை: நாற்பத்தொன்று.
கடைசி நாள் எடை என்ற கட்டம்
எப்போதும் காலியாகத்தான் போகும்.
அவர் மேடையில் அப்படியொரு ரசீது செல்லாது.
கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்திருந்தேன்.
வாசலில் பந்தல்காரன்
ஸ்கூட்டியை நகர்த்தச் சொல்லிக்
கத்திக்கொண்டிருந்தான்.