மலை இல்லாத மலபார்

சிட்னியின் தென்கிழக்கு மூலையில்
என் முகவரியின் கடைசி வரி
மலபார்.

கப்பல் ஒன்றின் பெயர் அது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில்
இந்தப் பாறையில் ஏறி உடைந்தது.
ஆட்கள் கரையேறினார்கள், பெயரும் ஏறிக்கொண்டது.
ஆட்கள் போய்விட்டார்கள்.

விண்ணப்பம் நிரப்பும்போதெல்லாம்
பேனை ஒரு கணம் நிற்கும்.
கொழும்பில் மச்சான் படமெடுத்து அனுப்பிய
ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு நினைவில் வரும்:
கதிரித்தம்பி, அல்லைப்பிட்டி.
பனை பதினொன்று.
கிணற்றில் எட்டிலொரு பங்கு.
மலபார்.

அவன் மலையே கண்டிருக்க மாட்டான்.
எங்கள் கீரிமலையிலும் மலை கிடையாது,
கேணிதான் உண்டு.
மலை என்ற சொல்லை மிளகு மூட்டையோடு ஏற்றிய
அரபுக் கப்பல்காரர் அதற்கொரு வால் ஒட்டினார்கள்.
பறங்கி வாங்கினான்,
ஒல்லாந்தன் வாங்கினான்,
இங்கிலீசுக்காரன் அந்தப் பழைய முத்திரையைத் துடைக்காமல்
எங்கள் நெற்றியிலும் குத்தினான்.
மொழிக்கும் அதே பெயர்.
தோட்டத்தில் மாட்டைத் திட்டிக்கொண்டு நின்ற கதிரித்தம்பிக்குத்
தெரியாது,
தான் மலபாரில் திட்டுகிறேன் என்று.

மேல்மாடி ஷெரீனா கண்ணூர்க்காரி.
"அது எங்க பேராச்சே" என்று சிரிப்பாள்.
நியாயம்தான்.
அவள் தட்டில் வைத்துத் தரும் பரோட்டாவின் மேல்
வழக்குப் போட என்னால் ஏலாது.

போன செவ்வாய் வெந்நீர்க் கொதிகலன் திருத்த
ஒருவர் வந்தார்.
சட்டைப் பையில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் தைத்திருந்ததை
இரண்டு தரம் வாசித்தேன்.
வையாபுரி!
ரெயூனியன் தீவு. கரும்புக்குப் போனவர்களின் ஆறாம் தலைமுறை.
தமிழில் ஒரு சொல் வராது.
"நான் மல்பார்" என்றார், நெஞ்சில் ஸ்பானரை வைத்து.
"பாருங்கள், என் பெயரைப் போட்டுக்கொண்டு
இங்கே பஸ் ஓடுகிறது."

ஐயா, அது பிழை என்று வாய்வரை வந்தது.
அடுத்தவன் மூட்டை மாறி ஒட்டிய சீட்டு அது,
கிழித்துப் போடுங்கள் என்று.
அவரோ தீமிதிக்குப் பதினெட்டு நாள்
மல்பார்கள் விரதமிருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.
சொல்லும்போது முதுகு நிமிர்ந்தது.
யாருக்கோ தைத்த சட்டைதான்.
உடுத்தி உடுத்தி, வியர்த்து, கரும்புச் சோகை கீறித் தைத்து
அளவாக்கிவிட்டார்கள்.

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.
பற்றுச்சீட்டில் என் பெயரை
அவரும் பிழையாகத்தான் எழுதினார்.
ஊர்ப் பெயரில் பிழையில்லை.

பின்னேரம் முனைவரை நடந்தேன்.
இங்கும் மலை இல்லை.
சிறைச்சாலை, கழிவுநீர் ஆலை,
துப்பாக்கி சுட்டுப் பழகும் திடல், அதைத் தாண்டிக் கடல்.
ஒரு பலகையில் பூரா முனை என்றிருந்தது.
கப்பலுக்கு முந்திய சொல்.
எங்கள் பேச்சில் பூரா என்றால் முழுவதும்.
அவர்கள் பேச்சில் என்னவென்று பலகை சொல்லவில்லை.

நாயோடு வந்த கிழவரைக் கேட்டேன்.
"லா பெரூஸில் கேளுங்கள்,
அந்த மக்கள் அங்கே இருக்கிறார்கள்" என்றார்.
லா பெரூஸ்.
அதுவும் ஒரு கப்பல்காரனின் பெயர்.

சனிக்கிழமை அங்கே பஸ்
எத்தனை மணிக்கு என்று பார்க்க வேண்டும்.