கடலைப் பார்க்கப் போனது

எங்கள் சீமையில் கடல் இல்லை.
சுற்றிலும் மலையை நிறுத்தியவர்கள்
மேற்கே ஒரு வாசலை மட்டும்
சாத்த மறந்துவிட்டார்கள்.
அதன் வழியாய்ப் போனால் பொன்னானி.
நாலரை மணி நேரம் என்றது போன்.

கொழுந்தனாரின் பழைய மாருதி.
சாவியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்:
"மண்ணு ஒட்டாம கொண்டாந்திருங் அண்ணி.
கடல் மண்ணு மேட்டுக்குள்ள போச்சுன்னா
ஏழு சென்மத்துக்கும் போவாது."

ஞாயிறு, விடியாத ஐந்து மணி.
நான் ஓட்ட, பக்கத்தில் திருமூர்த்தி.
பின்னால் செக்கிங் நவமணியும்
கட்டிங் மாஸ்டர் ஜெரோபினும்.
நால்வரில் கடல் தெரிந்தவன் அவன் ஒருவன்.
மணப்பாட்டுக்காரன்.
பனியன் துணி வெட்ட வந்து ஆறு வருடம்.

நொய்யல் பாலத்தடியில்
இரவு திறந்துவிட்ட சாயத்தண்ணீர்
நுரைத்து நுரைத்துக் கரையேறியிருந்தது.
"அலை வந்துருச்சு, திரும்பீர்லாமுங்ளா?"
என்றாள் நவமணி.
யாரும் சிரிக்கவில்லை.
வீரபாண்டிப் பிரிவு தாண்டியபின்
எல்லோரும் சிரித்தோம்.

பல்லடத்தில் சந்தகை.
மரநாழி கிறீச்சிட இலையில் விழுந்த சூட்டின்மேல்
தேங்காய்ப்பால் ஊற்றிய அம்மா
"இன்னொன்னு வெச்சுக்குங்" என்பதைக்
கேள்வியாகக் கேட்கவில்லை.
வைத்துவிட்டுத்தான் சொன்னார்.

சுல்தான்பேட்டையில்
காற்றாலைகள் எண்ணிக்கொண்டு போனவர்கள்
பதினேழில் நின்றோம்.
பதினெட்டாவதன் நிழலில் ஒரு கீற்றுக்கொட்டகை,
சிலேட்டில் 'குடல் ரெடி'.
திருமூர்த்திக்குக் கொழுப்பு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.
டாக்டர் கோயமுத்தூரில் இருக்கிறார்.

நெகமத்தில் டீயும் கச்சாயமும்.
அதற்கப்புறம் ஓரிடத்தில் ஒன்றும் சாப்பிடவில்லை,
பஞ்சர்.
பஞ்சர் கடைக்காரர் மனைவி
கொள்ளுரசம் ஒரு டம்ளர் தந்தார்.
அது கணக்கில் வராது.

பொள்ளாச்சி மெஸ்ஸில் மணி இரண்டு.
அரிசிம்பருப்பு சோற்றில் நெய் உருகும் நேரம்
ஜெரோபின் மட்டும் மீன் கேட்டான்.
வந்த துண்டை,
பஸ் ஸ்டாண்டில் கண்ட சொந்தக்காரனைப் போலப்
புரட்டிப் பார்த்தான்.
"கரையேறி அஞ்சு நாளாவுது."
அப்புறம் முள்ளைக்கூட மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு
"என்னைய விடப் புதுசுதாம்" என்றான்.

தென்னைகள் இருபுறமும் ஓடின.
வெயில் சாய்ந்து கண்ணாடியில் ஏறியது.
கோபாலபுரம் பக்கத்தில் இருக்கிறது
என்று போர்டு சொல்லும் இடத்தில்,
மலைவாசல் வழியே திடீரென்று ஒரு காற்று.
"நிறுத்துங்கக்கா!"
பதறி நிறுத்தினேன்.
இறங்கி நின்று மூக்கைத் தூக்கினான்.
"உப்பு."

"கடல் இன்னும் தொண்ணூறு கிலோமீட்டர்ப்பா"
என்றார் திருமூர்த்தி, போனைக் காட்டி.
"இல்லண்ணே, உப்பு."
நவமணி கண்ணை மூடினாள்.
எனக்கும் அடித்தது,
ஈரமாய், சூடாய், நாக்கின் அடியில்.
கடலையே பார்க்காத எனக்கு
அது எப்படித் தெரிந்தது?

புளியமரத்துக்குப் பின்னால்
ஒரு தள்ளுவண்டி.
பானை மூடியைத் தூக்கினாள் ஒருத்தி.
ஆவி.
கடலைக்காய் வெந்துகொண்டிருந்தது.

ஜெரோபின் ஒரு நிமிடம் அந்தப் பானையையே பார்த்தான்.
பிறகு ஒரு காயை எடுத்து
தொலிக்குள் நின்ற உப்புத்தண்ணீரை உறிஞ்சினான்.
"ஏனுங், மொத்தமும் வேணுங்ளா?"
ஆமாம் என்று தலையாட்டியது யார்
என்பது இன்றுவரை தகராறு.

பேனட்டில் பேப்பர் விரித்துத் தின்றோம்.
அவன் ஊரில் வலை காயும் இடம் பற்றி ஏதோ சொன்னான்.
ஒரு லாரி வந்து
அதன் பாதியைக் கொண்டுபோய்விட்டது.
மறுபடி சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை.
காலையில் எட்டரை ஷிப்டு.
எப்போதும் மக்கர் செய்யும் ரிவர்ஸ் கியர்
அன்று ஒரே தள்ளில் விழுந்தது.

திங்கட்கிழமை
கொழுந்தனார் நாலு கதவையும் திறந்துபோட்டு
மேட்டை உதறினார்.
"என்னுங் அண்ணி, ஒரு பொட்டு மண்ணக் காணோம்?
நெசமாலுமே கடலைப் பாத்தீங்ளா?"

அவர் காலடியில் தொலி
ஒரு படி இருக்கும்.

"பாத்தமுங்" என்றேன்.