உப்பிட்டவர்

ஏப்ரல் கடைசி. டார்ட்மத்தில் இன்னும்
வேலியோரம் அழுக்குப் பனி ஒரு முழம் கிடக்கிறது.
சுசுகியின் முன்சில்லைக் கையால் சுற்றினால்
அரைச்சுற்றில் நிற்கிறது.
போன நவம்பரில் பிடித்த பிரேக்
இன்னும் விடவில்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
நகரசபை ஐந்து மாதம் தெருவெல்லாம் உப்பிட்டது.
மிச்சத்தைத் துறைமுகத்துக் காற்று இட்டது.
தார்ப்பாயின் கீழே நின்ற வண்டி
ஒருவரையும் மறக்கவில்லை.

மூடியின் ஸ்குரூ இரண்டில் ஒன்று கழன்றது.
மற்றது தலை மழுங்கி,
துளைபோட்டு எடுக்கும்வரை அசையவில்லை.
உள்ளே தேன்நிறத்தில் இருக்கவேண்டிய ஒயில்
ஆறிப்போன பிளேன்டீ.
அடியில் வெள்ளைக் கசடு.
கசடுக்கும் அடியில்
ஊசிமுனை அளவில் ஒரு துளை இருக்கவேண்டும்.
கையை எடுத்ததும் அழுத்தம் திரும்பிவரும் வழி.
அது தூர்ந்துபோனால்
பிடித்த பிடி பிடித்தபடிதான்.

கிற்றார் கம்பியால் குத்திப் பார்த்தேன்.
பிஸ்டனை இழுத்தெடுத்து
சிலிண்டர் சுவரில் நகத்தை ஓட்டினேன்.
அம்மைத் தழும்பு.
ரப்பர் மாற்றிப் பயனில்லை, முழுதாகப் போகவேண்டும்.

புதியது எழுபத்தியெட்டு டாலர்.
வாடகைக்கென்று வைத்ததில் எடுத்தேன்.
சொல்லிவிடுகிறேன்: வாடகை இரண்டு மாதம் பாக்கி.
செம்பு வளையங்களும் புதிதாகவே வாங்கினேன்.
பழசை நெருப்பில் வாட்டிப் போடலாம்தான்.
பிரேக்கில் மட்டும் நான் சிக்கனம் பார்ப்பதில்லை.

நித்தியசீலன் அண்ணை இறங்கி வந்தார்.
குளிர்ச்சட்டைக்குக் கீழே சாரம், ரப்பர் பூட்ஸ்,
கையில் தேத்தண்ணிக் கோப்பை.
"பிள்ளை, நான் வந்தது என்னெண்டா..."
"அண்ணை, இந்த லீவரை ஒருக்காப் பிடியுங்கோ."

பிடித்தார்.
நான் கீழே நிப்பிளைத் திறந்தேன்.
"விடாதேங்கோ."
காற்று மீன்குஞ்சுகளாய் ட்யூபில் ஓடியது.
மூடினேன். "இப்ப விடுங்கோ."
பிடியுங்கோ. விடாதேங்கோ. விடுங்கோ.
நடுவில் வேறு பேச்சுக்கு
நான் இடம் வைக்கவில்லை.

ஒயில் ஊற்றும்போது ஒரு சொட்டு டாங்கில் விழுந்தது.
"ஐயோ, பெயின்ட்டைத் தின்னும், தண்ணி!"
அவர் யோசிக்காமல்
தேத்தண்ணியை அப்படியே கவிழ்த்தார்.
நல்லவேளை சீனி போடாதது.
அவருக்குச் சீனி வருத்தம்.

நாற்பது தரம் அழுத்திய பிறகுதான்
கையை உதறிக்கொண்டு சொன்னார்,
லூனன்பர்க் மீன் ஆலையில்
பதினொரு வருடம் கத்தி பிடித்ததில்
நடுவிரல் சரியாக மடிவதில்லையாம்.
முதலே சொல்லியிருக்கலாம்.
முதலே நான் கேட்டிருக்கலாம்.

லீவர் இன்னும் பஞ்சு.
எங்கோ ஒரு குமிழி, வளைவில் ஒளித்திருக்கிறது.
பழைய ட்யூபைக் கீலமாக வெட்டி
லீவரைப் பிடியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன்.
இரவோடிரவாகக் காற்றுத் தானே மேலேறும்.

"அப்ப விடியத்தான் தெரியுமோ?"
"ஓம் அண்ணை, விடியத்தான்."
கட்டுண்ட லீவரைக் கொஞ்சநேரம் பார்த்தார்.
"நான் வந்த அலுவல்..." என்றார்.
வெறுங்கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.
படியேறிப் போனார்.

ஐந்து நாற்பது. ஆறரைக்கு வேலை.
கட்டை அறுத்தேன்.
அழுத்தினேன், பாதி வழியில் கல்.
விட்டேன்.
சில்லைத் தட்டினேன், சுற்றியது,
நான் ஹெல்மெட்டைத் தேடி எடுத்து வரும்வரை
சுற்றிக்கொண்டே இருந்தது.

மேலே கேத்தல் கூவியது.
எழும்பிவிட்டார்.
எஞ்சினைத் தொடாமல்
தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போனேன்.
முன்சில்லு
ஒரு சத்தமும் போடவில்லை.